பெயர் எழுதாத இரண்டு டியூப்கள்

என் பணி நிறைவு நாளில் நீங்கள் எல்லோரும் லேபிலேயே கேக் வெட்டி, சால்வை போர்த்தி, நான் செய்யாத நல்ல காரியங்களையும் சேர்த்துச் சொல்லிப் பாராட்டினீர்கள். கூட்டம் கலைந்த பிறகு, வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒரு தங்கை என்னை மாடிப்படி ஓரத்துக்கு அழைத்துப் போனாள். தானும் சபைக்குப் போகிறவள்தான் என்று சொல்லிவிட்டு, "இந்த வேலைல ஒரு கிறிஸ்தவளா எப்பிடியுங்கக்கா இருக்கறது? மேசைல பைபிள் வசனம் ஒட்டி வெச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டாள்.

ஒட்டிக்கொள் கண்ணு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் போதாது என்று மூன்று நாளாக மனசு உறுத்தியது. அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். உங்களில் கோயிலுக்குப் போகிறவர்கள் உண்டு, பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் உண்டு, எங்கேயும் போகாதவர்களும் உண்டு. எல்லோரும் படிக்கலாம். ரத்தம் எடுப்பது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லித்தரப் போவதில்லை. நான் செய்த ஒரு தவறைப் பற்றியும், அந்தப் பள்ளத்திலிருந்து என்னைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டவர்களைப் பற்றியும்தான் சொல்லப் போகிறேன்.

நான் வால்பாறையில் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் மலையிறங்கி வந்து, கோயமுத்தூரில் லேப் டெக்னீஷியன் படிப்புப் படித்தேன். கல்யாணமாகி பெரியநாயக்கன்பாளையத்தில் குடியேறினோம். என் வீட்டுக்காரர் அங்கே ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். நான் உங்களோடு வேலை பார்த்த இந்த மருத்துவமனைக்கு வருவதற்கு முன்னால், ஊருக்குள் இருந்த வேறொரு தனியார் மருத்துவமனையில் பல வருடம் இருந்தேன். இது நடந்தது அங்கே.

அங்கே எனக்கு 'ஜெப சிஸ்டர்' என்று பெயர். ஊசியைப் பார்த்தாலே நடுங்குகிற நோயாளிகள் இருப்பார்கள் அல்லவா, அவர்களுடைய கையைப் பிடித்து நாலு வார்த்தை ஜெபித்துவிட்டு ரத்தம் எடுப்பேன். பயம் போய்விட்டது சிஸ்டர் என்பார்கள். வார்டிலிருந்து ஆளனுப்பி, அந்த ஜெப சிஸ்டரையே வரச் சொல்லுங்கள் என்று கேட்டவர்கள் உண்டு. வெள்ளிக்கிழமை உபவாசம் இருப்பேன். சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செயலாளர். இதிலெல்லாம் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஜனங்கள் என்னை மதிப்பதையே கடவுள் என்னைப் பாராட்டுவதாக நான் எடுத்துக்கொண்டேன். அது மெதுவாக நடந்தது, எனக்கே தெரியவில்லை.

என்னோடு ரத்த வங்கியில் இருந்தவர் ஒரு கறுப்புச் சட்டைக்காரர். கடவுள் இல்லை என்கிற கட்சி. என்னைவிட நாலைந்து வயது பெரியவர். எல்லோரையும் அம்மணி, கண்ணு என்று மரியாதையாகக் கூப்பிடுவார். ஆனால் என்னைக் கிண்டல் செய்யாமல் அவருக்குப் பொழுது போகாது. இன்றைக்கு எத்தனை பேருக்கு ஜெபம் என்று காலையிலேயே கேட்பார். நான் பதில் பேசமாட்டேன். அவருக்காகத் தனியாக ஜெபித்துக்கொண்டிருந்தேன், கொஞ்சம் உயரத்தில் நின்றுகொண்டு.

அன்று ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்குப் பெண்கள் அறுவை சிகிச்சை வார்டுக்குப் போனேன். அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு பேர். ஒருவர் கொடுமுடிப் பக்கத்தில் மஞ்சள் விவசாயம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த பாப்பாத்தியம்மா. கர்ப்பப்பையில் கட்டி, அன்றைக்குப் பத்து மணிக்கு அறுவை சிகிச்சை. ரத்தம் நிறையப் போகும் என்று டாக்டர் இரண்டு பை ரத்தம் தயாராக வைக்கச் சொல்லியிருந்தார். பக்கத்துக் கட்டிலில் அன்னூரிலிருந்து வந்த சரஸ்வதி. அவருக்குப் பித்தப்பையில் கல். மறுநாள் அறுவை சிகிச்சை.

பாப்பாத்தியம்மா கையை நீட்டினார். எடுத்து முடித்து டியூபைத் தட்டில் வைத்தேன். சரஸ்வதிக்கும் எடுத்தேன். ஒருவருக்கு எடுத்ததும் அவர் கட்டிலருகிலேயே டியூபில் பெயர் எழுத வேண்டும் என்பது விதி. நான் இரண்டையும் சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தேன். எழுதுவதற்கு முன்னால் சரஸ்வதி என் கையைப் பிடித்துக்கொண்டு, பயமாக இருக்கிறது, ஜெபம் பண்ணுங்கள் என்று அழ ஆரம்பித்தார். நான் கண்ணை மூடினேன். நீளமான ஜெபம். பக்கத்துக் கட்டில்காரர்களும் எழுந்து உட்கார்ந்து கேட்டார்கள். அது எனக்குத் தெரிந்தது. குரலும் அதற்கேற்ப உயர்ந்தது. முடித்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வார்டு மேசைக்கு வந்து, ஞாபகத்தில் இருந்தபடி இரண்டு டியூபிலும் பெயர் எழுதினேன்.

மாற்றி எழுதினேன்.

டியூபை வைத்துத்தான் குரூப் பார்ப்போம். அதே டியூபை வைத்துத்தான் ரத்தம் ஒத்துப்போகிறதா என்றும் பார்ப்போம். பெயரே மாறிவிட்டால் எந்தச் சோதனையும் அதைக் காட்டிக்கொடுக்காது. எல்லாம் சரியாக வந்தது. பாப்பாத்தியம்மாவுக்கு பி பாசிட்டிவ் என்று எழுதி, பி பாசிட்டிவ் ரத்தம் இரண்டு பை ஆபரேஷன் தியேட்டருக்குப் போயிற்று.

பதினொரு மணி இருக்கும். சரஸ்வதியின் அக்கா, ஒரு பழைய பிரசவ அட்டையை எடுத்துக்கொண்டு லேப் ஜன்னலுக்கு வந்தார். "ஏனுங்க சிஸ்டர், தங்கச்சிக்கு ஓ குரூப்புன்னு போட்டிருக்கீங்க. பிரசவத்தப்ப பி-ன்னு எழுதியிருக்குதுங்களே. ரத்தம் மாறுமுங்களா?"

அட்டையைப் பார்த்ததும் எனக்கு முழுவதும் விளங்கிவிட்டது. சரஸ்வதிதான் பி. அப்படியானால் பாப்பாத்தியம்மா ஓ. ஓ குரூப் உடம்பில் பி ரத்தம் ஏறினால் உயிரே போய்விடலாம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போன் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. அந்த அக்காவை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய், பெரிய ஃபிரிட்ஜுக்குப் பின்னால் நின்று கண்ணை மூடினேன். என்ன ஜெபித்தேன் என்பதை வார்த்தை மாறாமல் சொல்கிறேன். "ஆண்டவரே, அந்த ரத்தம் இன்னும் ஏறாமல் இருக்கட்டும். இது வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளும். என் பெயரைக் காப்பாற்றும்." ஒரு நிமிடம் இருக்கும், கூடவும் இருக்கலாம். ஓர் உயிர் மேலே தியேட்டரில் கிடக்கும்போது, நான் என் பெயருக்காக மன்றாடிக்கொண்டிருந்தேன்.

யாரோ என் தோளைத் தொட்டார்கள். அந்தக் கறுப்புச் சட்டைக்காரர். என்னாச்சு என்று கேட்டார். நான் இரண்டே வரியில் சொன்னேன். அவர் திட்டவில்லை. முகம் மட்டும் வெளுத்துப்போயிற்று.

"அம்மணி, சாமி எங்கயும் போயிராதுங்க. பொறவு பேசிக்கலாம். இப்ப தியேட்டருக்கு ஓடுங்க. நான் போனைப் போட்டுக்கிட்டே இருக்கறேன்."

ஓடினேன். இரண்டு மாடி. படியேறும்போதே என் மனசு ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தது: "குரூப்பில் ஏதோ குழப்பம் இருக்கிற மாதிரி தெரிகிறது, ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம்." அதில் யாருடைய தவறும் இல்லை, பாருங்கள். தியேட்டர் வாசலில் நர்ஸ் மறித்தார். அவரை விலக்கிவிட்டுக் கதவைத் தள்ளினேன். உள்ளே தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஒரு கையும் சும்மா இல்லை. ஸ்டாண்டில் ரத்தப் பை தொங்கியது. ஊசி வரைக்கும் குழாயில் ரத்தம் இறங்கி நின்றது. மயக்க மருந்து டாக்டரின் விரல் திருகின் மேல் இருந்தது.

தயார் செய்த வாக்கியம் வாயில் வரவில்லை. "ஏத்தாதீங்க சார். அது இந்தம்மாவோட குரூப் இல்லீங்க. நான் டியூபுல பேரை மாத்தி எழுதிப்போட்டேன்."

அவர் விரல் நின்றது. குழப்பம் மாதிரி தெரிகிறது என்று சொல்லியிருந்தால் என்ன குழப்பம், யார் சொன்னது என்று கேட்டிருப்பார். அதற்குள் விரல் திருகைத் திறந்திருக்கும். 'நான்' என்ற ஒரு சொல்தான் அந்த விரலை நிறுத்தியது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதன் பிறகு கால் மணி நேரம். பாப்பாத்தியம்மாவுக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது, ஏற்ற ரத்தம் இல்லை, ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. டாக்டர் புதிதாக ரத்தம் எடுத்துக் கொடுத்தார். அங்கேயே நின்று பெயர் எழுதினேன். கீழே ஓடிவந்தேன். கறுப்புச் சட்டை நண்பர் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தார். தானே செய்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. ஆளுக்கொரு பக்கம் தனித்தனியாகப் பார்ப்போம், முடிவை ஒரே நேரத்தில் சொல்வோம் என்றார். இரண்டு பேரும் ஓ என்றோம். ரத்தம் மேலே போயிற்று. அந்தக் கால் மணி நேரத்தில் நான் ஒரு வார்த்தை ஜெபிக்கவில்லை. அந்தம்மா, அந்தம்மா என்று மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் செய்த ஜெபங்களில் அது ஒன்றுதான் மேலே போய்ச் சேர்ந்திருக்கும்.

பாப்பாத்தியம்மா பிழைத்துக்கொண்டார்.

மதியம் மூன்று மணிக்கு நிர்வாக அதிகாரி என்னைக் கூப்பிட்டார். அவரும் சபைக்காரர், மூப்பர், நல்ல பெயர் உள்ளவர். முதலில் எழுந்து நின்று கர்த்தருக்கு நன்றி சொல்லி ஜெபித்தார். நானும் தலை குனிந்தேன். பிறகு ஒரு காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். வார்டு மேசையிலிருந்து டியூப்களை லேபுக்குக் கொண்டுவந்த உதவியாளர் செல்வி, கவனக்குறைவாகத் தட்டை மாற்றிவிட்டதாக அதில் எழுதியிருந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டும். செல்வி ஒப்பந்த ஊழியர்தானே, வேறு இடம் பார்த்துக்கொள்வாள், மருத்துவமனைக்கும் கெட்ட பெயர் வராது, உங்களுக்கும் வராது என்று விளக்கினார். நான் பேனாவை எடுக்காததைப் பார்த்து, மென்மையாகவே சொன்னார்: "கர்த்தர் மூடி வெச்சதை நீங்க எதுக்குங்க தொறக்கறீங்க?"

அந்தக் கேள்வி என்னை அசைத்தது. இதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் நான் கேட்டதும் அதுதானே. கேட்டது கிடைத்துவிட்டது. உலகம் தருகிற வசதி எப்போதும் உலகத்தின் குரலில் வராது. சில சமயம் சபையின் குரலிலேயே வரும். நாளை தருகிறேன் என்று காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து வந்து, கைக் கிரீஸை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லிக் காகிதத்தைக் காட்டினேன். கை ஈரமாக இருந்ததால் நானே பிடித்துக்கொள்ள, அவர் படித்தார். "செல்வின்னா, நம்ம பாப்பாவுக்கு மஞ்சக் காமாலை வந்தப்ப ஊட்டுல வந்து தங்கிப் பாத்துக்கிட்டாளே, அந்தப் புள்ளையா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் குனிந்து மறுபடி கையைக் கழுவ ஆரம்பித்தார்.

மறுநாள் காலை பஸ்ஸில் செல்வி எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். தினமும் அப்படித்தான், எனக்கு முந்தின நிறுத்தத்தில் ஏறிச் சாப்பாட்டுப் பையைப் பக்கத்து இருக்கையில் வைத்திருப்பாள். முகமெல்லாம் சிரிப்பு. "அந்தக் கொடுமுடிக்காரம்மா பொழச்சுக்கிச்சாமுங்களேக்கா. உங்க ஜெபந்தானுங்க" என்றாள்.

என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு பலமாக அடித்ததில்லை. அந்தப் பஸ்ஸிலேயே, ஆட்கள் கேட்கிறார்களா என்றுகூடப் பார்க்காமல், எல்லாவற்றையும் சொன்னேன். டியூபைச் சொன்னேன், ஃபிரிட்ஜைச் சொன்னேன், பையிலிருந்த காகிதத்தையும் சொன்னேன். செல்வி சாப்பாட்டுப் பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அப்ப எனக்கு சோலி இருக்குதுங்களா, இல்லீங்களாக்கா?"

"இருக்குது. நான் கையெழுத்துப் போடல" என்றேன். அந்த நிமிடத்தில்தான் எனக்கே அது தெரிந்தது.

வேறொரு தாளில் ஐந்து வரி எழுதினேன். என் பெயர், என்ன செய்தேன், எந்த விதியை மீறினேன், அதனால் என்ன ஆக இருந்தது, செல்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நிர்வாக அதிகாரி படித்துவிட்டு, ஒரு விசுவாசிக்கு ஊரில் இருக்க வேண்டிய நற்சாட்சியைக் கெடுத்துக்கொண்டீர்கள் என்று வருத்தப்பட்டார். அவர் கெட்டவர் அல்ல. பயந்தவர். முந்தின நாள் நான் எங்கே நின்றேனோ, அங்கே அவர் நின்றார். அதனால் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

பாப்பாத்தியம்மாவின் வீட்டுக்காரரிடமும் சொல்லியாக வேண்டும் என்று அறுவை சிகிச்சை செய்த டாக்டரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, தனியாகப் போக வேண்டாம், நானும் வருகிறேன் என்றார். அந்த மனிதர் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கை விரலெல்லாம் மஞ்சள் கறை ஏறிய விவசாயி. நான் நின்றபடியே சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்றும் சொன்னேன். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். குரல் உயரவில்லை.

"எம்பட ஊட்டுக்காரிய கொன்னு குடுத்திருப்பீங்களே, சிஸ்டர்."

ஆமாங்க என்றேன். அவர் எழுந்து போய்விட்டார். இந்த இடத்தில் அவர் மன்னித்தார் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. அன்றைக்கு அவர் மன்னிக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் உடனே எல்லாம் நன்றாகிவிடும் என்று எதிர்பார்த்து நீங்கள் எதையும் சொல்லாதீர்கள். அன்றும் மறுநாளும் அவர் என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்தார்.

மூன்றாம் நாள் பாப்பாத்தியம்மாவுக்கு மறுபடி ரத்தம் பார்க்க வேண்டியிருந்தது. என்மேல் விசாரணை நடந்துகொண்டிருந்ததால் வேறொருவர் போனார். சற்று நேரத்தில் அவர் திரும்பி வந்து, உங்களைத்தான் வரச் சொல்கிறார்கள் என்றார். நான் போகத் தயங்கினேன். தலைமை டாக்டரிடம் கேட்டு, நண்பரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். பாப்பாத்தியம்மா படுத்திருந்தார். அவருடைய வீட்டுக்காரர் கட்டிலருகே நின்றார். கூப்பிடச் சொன்னது யார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. அந்தம்மா கையை நீட்டினார். "எடுங்க சிஸ்டர். உண்மையச் சொன்ன கை தானுங்களே" என்றார், சுரத்தில்லாத குரலில்.

ரத்தம் எடுத்தேன். அப்போது அவருடைய வீட்டுக்காரர் குனிந்து, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "இங்கயே எழுதுங்க. நான் படிக்கோணும்."

எழுதினேன். டியூபை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, தன் மனைவியின் பெயரை வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தார். "செரி. கொண்டு போங்க" என்றார். அவ்வளவுதான். அவர் என்னை மன்னித்தாரா, இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்ததை இருபது வருடமாகச் செய்தேன். நான் ஏன் ஒவ்வொரு நோயாளியிடமும் டியூபைக் கொடுத்துப் பெயரைப் படிக்கச் சொல்கிறேன், படிக்கத் தெரியாதவர்களிடம் ஏன் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறேன், கூட்டம் நிற்கும்போதும் ஏன் அவசரப்படுவதில்லை என்று நீங்கள் முணுமுணுத்தது எனக்குத் தெரியும். காரணம் அந்த மஞ்சள் விவசாயி.

விசாரணையில் என்னை ஒரு வருடம் ரத்த வங்கியிலிருந்து மாற்றி, ரிப்போர்ட் கொடுக்கும் ஜன்னலில் உட்கார வைத்தார்கள். செல்விக்கு ஒன்றும் ஆகவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தில், கொஞ்ச காலம் ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வலித்தது. ஆனால் அந்த ஜன்னலில் நான் கற்றது அதிகம். ரிப்போர்ட்டை வாங்கக் கை நீட்டுகிறவர்களின் முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. நமக்கு அது ஓர் எண். அவர்களுக்கு அது வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்கிற கேள்வி.

ஒருநாள் நண்பரிடம் கேட்டேன், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் என்னைக் கண்டதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று. கிண்டலுக்கு அதைவிட நல்ல சரக்கு அவருக்குக் கிடைத்திருக்காது. அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "எங்கம்மாவைப் பாம்பு கடிச்சப்ப நான் பயந்துக்கிட்டுப் போயி வைக்கப்போருக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டேனுங்க, அம்மணி. ஆளைக் கூப்புடோணும்னே தோணல. பக்கத்துத் தோட்டத்துக்காரரு வந்து என்னை இழுத்துத் தொரத்தி உட்டாரு. பயந்த ஆளை எழுப்பி உடறதுக்கு இன்னொரு ஆள் வேணுமுங்க."

கடவுள் இல்லை என்று சொல்கிற அவரைத்தான் கடவுள் அன்றைக்கு என்னிடம் அனுப்பினார் என்று நான் நம்புகிறேன். அதை அவரிடமே சொன்னேன். அது உங்கள் பாடு என்று சிரித்தார். அவரை மாற்ற வேண்டும் என்று அதற்குப் பிறகு நான் ஜெபிக்கவில்லை. அவருக்காக நன்றி சொல்லத்தான் ஜெபித்தேன். அவர் ஓய்வு பெறும்வரை பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தோம்.

அந்த வருடக் கடைசியில் சபையில் நன்றி ஆராதனை. வருடம் முழுவதும் பெற்ற நன்மைகளை ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். புது வீடு, மகனுக்கு வெளிநாட்டில் வேலை, பெண்ணுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆசீர்வாதம் என்றால் கண்ணால் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று இப்போது எல்லோரும் எதிர்பார்க்கிறோம். நானும் எழுந்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன், நான் கேட்ட அந்த மோசமான ஜெபத்தையும் விடாமல். என் பெயர் கெட்டதற்காகவும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வழக்கமாக வருகிற 'ஆமென்' வரவில்லை. ஆயர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

ஆராதனை முடிந்து பைக் நிறுத்துகிற இடத்துக்கு வந்தோம். எங்கள் சபையில் ஒருவர், எங்கள் பக்கத்திலேயே ஒரு பம்ப்செட் கம்பெனியில் மோட்டார் சோதிக்கிற வேலையில் இருப்பவர், என் பின்னாலேயே வந்தார். அதிகம் பேசாத மனிதர். போன வாரம் அவசரமாக அனுப்ப வேண்டிய ஒரு லாட் மோட்டார்களில், மின்கசிவு இருக்கிறதா என்று பார்க்காமலே பார்த்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். செவ்வாய்க்கிழமை லாரி ஏறப் போகிறது. யாருக்கும் தெரியாது.

"ஈரக் காலோட சுவிச்சுப் போடற ஆளுங்கதானுங்கக்கா அதை வாங்குவாங்க. எங்கப்பனும் அப்பிடித்தான் போட்டுக்கிட்டிருந்தாரு" என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நாளைக்குக் காலையில் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைப்பதாகவும், ஆனால் கேட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிடுவோமோ என்று பயமாக இருப்பதாகவும் சொன்னார்.

எத்தனை மணிக்கு ஷிப்ட் என்று கேட்டேன். ஏழு மணிக்கு என்றார். நானும் வருகிறேன் என்றேன்.

மறுநாள் ஆறே முக்காலுக்கு அந்தக் கம்பெனி கேட்டருகே போய் நின்றேன். அவர் வந்தார். சைக்கிளிலும் பைக்கிலும் ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். சங்கு ஊதியதும் அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "போயிட்டு வாரேனுங்கக்கா" என்று உள்ளே போனார். கேட்டுக்கு நேரே தெரிந்த சூப்பர்வைசரின் அறைக் கதவைத் தட்டி அவர் உள்ளே நுழையும்வரை வெளியே நின்றேன். பிறகு பஸ் பிடித்து வேலைக்கு வந்தேன்.

அவருக்கு மெமோ கொடுத்தார்கள். மூன்று மாதம் வேறு பகுதிக்கு மாற்றினார்கள். அந்த லாட்டை நிறுத்தி, ஒவ்வொரு மோட்டாராக எடுத்துச் சோதித்தார்கள். இரண்டு மோட்டாரில் கசிவு இருந்ததாம்.

அந்த இரண்டும் எந்த ஊர்க் கிணற்றுக்குப் போகவிருந்தன என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த வீட்டுக்காரர்களுக்கு இப்படி ஒன்று நடக்க இருந்ததே தெரியாது. அவர்கள் இன்றைக்கும் விடிகாலையில் ஈரக் காலோடு போய் மோட்டார் போட்டுவிட்டு, தண்ணீர் பாய்ச்சிவிட்டு, வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய பெயரெல்லாம் எனக்குத் தெரியாததால், என் ஜெபத்தில் பெயர் சொல்லாமலேதான் நன்றி சொல்லி வருகிறேன்.